பக்கவாதம் போல வேஷம் கட்டும் தலைவலிகள்: வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் என்ன செய்ய வேண்டும்

ஒரு பக்கக் கை கால் மரத்து, வாய் குழறி, கூடவே மண்டையைப் பிளக்கிற வலி. இப்படி ஆரம்பித்தால் பக்கவாதம்தான் என்று வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ‘இது மைக்ரேனாகவும் இருக்கலாமே’ என்ற யோசனை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு பயன்படட்டும். இருட்டறையில் படுக்கவைத்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க அதைக் காரணமாக்க வேண்டாம்.

கணக்கு எளிது. அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் கட்டியை எடுக்க 6 மணி நேரம். ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரை. மைக்ரேன்காரருக்குத் தவறுதலாக அந்த ஊசி போடப்பட்டால் மூளையில் ரத்தம் கசியும் வாய்ப்பு சுமார் 100-ல் ஒன்று அல்லது அதற்கும் கீழே. பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தைக் கவனிக்காமல் விட்டாலோ நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் போய்க்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் தவறு செய்தால் நஷ்டம் குறைவு என்பது இதிலேயே தெரிகிறது.

முதலில் மணி பாருங்கள்

பதற்றத்தில் யாரும் செய்யாத காரியம் இது. நரம்பியல் டாக்டருக்கு மிக அதிகமாக உதவுவதும் இதுதான். எது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்.

அரைப்பக்க மைக்ரேன், அதாவது ஹெமிப்ளீஜிக் மைக்ரேன் வந்த ஒருவரின் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

காலை 9.10: பார்வையின் வலது பக்கம் கோட்டை மதில் போல வளைந்து வளைந்து மினுங்கும் கோடு.
9.25: கோடு ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. வலது கை விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது.
9.35: ஊர்தல் முழங்கையைத் தாண்டி மேலே. உதட்டின் வலது ஓரமும் பாதி நாக்கும் மரப்பு.
9.45: ‘தண்ணி’ என்று கேட்க நினைத்து ‘தட்டு’ என்கிறார். தப்பு என்று அவருக்கே தெரிகிறது.
9.55: வலது கையில் காபி டம்ளர் நிற்கவில்லை.
10.15: இடது நெற்றிப்பொட்டில் வலி, குமட்டல், வெளிச்சம் ஆகவில்லை.

பக்கவாதம் வந்தவரின் தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘9.10: டம்ளர் விழுந்தது, வாய் கோணியது, பேச்சு வரவில்லை.’

வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. மைக்ரேனுக்கு முன் வரும் இந்த அறிகுறிகளுக்கு ஆரா என்று பெயர். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை எழுந்து, கடந்துபோன இடத்தையெல்லாம் தற்காலிகமாக அணைத்துக்கொண்டே நகர்கிறது. வேட்டியில் ஈரம் ஊறுவது போல மெதுவாக, நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். 1941-ல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் கண்ணில் தெரிந்த மினுங்கல் கோடு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று வரைந்து பார்த்தே இந்த வேகத்தைக் கணக்கிட்டார். 1944-ல் லியாவோ என்ற பிரேசில் விஞ்ஞானி முயல் மூளையில் அந்த அலையையே கண்டார். அலை பார்வைப் பகுதியிலிருந்து தொடு உணர்வுப் பகுதிக்கு, அங்கிருந்து பேச்சுக்கு என்று போவதால்தான் அறிகுறிகளும் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் மெல்ல ஏறி, 5 நிமிடத்துக்கு மேல் எடுத்துப் பரவும். முதலில் இல்லாதது தோன்றும்: மினுங்கல், எறும்பு ஊர்தல். பிறகுதான் இருப்பது போகும்: பார்வை மறைவு, மரப்பு. பக்கவாதத்தில் குழாய் அடைத்ததும் அது ஊட்டும் பகுதி முழுக்க ஒரே நேரத்தில் பியூஸ் போகிறது. வலிப்பாக இருந்தால் இதே பரவல் நிமிடங்களில் இல்லாமல் நொடிகளில் முடிந்துவிடும்.

இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். படிப்படியாக ஏறும் பக்கவாதமும் உண்டு. அறுபதைத் தாண்டியவருக்கு மெதுவாகப் பரவும் மரப்பு முதன்முறையாக வந்தால், மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து ஏற்பட்ட சிறு ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். பார்க்க அப்படியே மைக்ரேன் ஆரா. அவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஆபத்து. எனவே தாள் டாக்டர் கைக்குப் போகட்டும்.

தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் எழுந்த நேரத்தை எழுதாதீர்கள். கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம் எது என்று எழுதுங்கள். இரவு 2 மணிக்குப் பாத்ரூம் போனபோது சரியாக நடந்தார் என்றால் 2 மணி. இந்த ஒரு தகவல் தப்பினால் ஊசி போடலாமா என்ற முடிவே மாறிவிடும்.

செல்போனில் 30 நொடி வீடியோ எடுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், உள்ளங்கை மேல்நோக்க இரு கைகளையும் 10 நொடி நீட்டச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வாக்கியம் சாதாரணமாக இருக்கட்டும். வாழைப்பழம், வியாழக்கிழமை என்று ழகரத்தை வைத்து நாக்கைச் சோதிக்காதீர்கள்; சென்னையில் பாதிப் பேருக்கு அது நல்ல நாளிலேயே வராது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அறிகுறி மறைந்துவிட்டால், அது உண்மையில் இருந்தது என்பதற்கு இந்த வீடியோதான் சாட்சி.

ஆம்புலன்ஸ் வரும்வரை

சர்க்கரை பாருங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இது 1 நிமிட வேலை. 70-க்குக் கீழே இறங்கினால் சிலருக்கு ஒரு பக்கம் அச்சுஅசலாகப் பக்கவாதம் போலவே விழும். கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சஷ்டி, ஏகாதசி என்று விரதமும் இருந்தவரிடம் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். நல்ல நினைவோடு, இருமாமல் விழுங்க முடிகிறது என்றால் மட்டும் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சர்க்கரை ஏறி, கையும் முழுக்கத் திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்; அந்த மாத்திரையின் வேலை மணிக்கணக்கில் நீடித்து, சர்க்கரை திரும்ப இறங்கும்.

சர்க்கரை சரியாக இருந்தால் வாய் வழியாக எதுவும் வேண்டாம். தண்ணீர், காபி, சோடா எல்லாம் சேர்த்துத்தான். விழுங்கும் நரம்பு பாதித்திருந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

கொடுக்கவே கூடாத மாத்திரைகள் மூன்று. ஒன்று, ஆஸ்பிரின். ஸ்கேன் எடுக்கும்வரை அடைப்பா கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது. கசிவு என்றால் ஆஸ்பிரின் எரிகிற தீயில் ஊற்றிய எண்ணெய். இரண்டு, பிரஷர் ஏறியிருக்கிறதே என்று கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரை, அதிலும் நாக்கின் அடியில் வைப்பது. பக்கவாதத்தில் உடம்பே பிரஷரை ஏற்றி மூளைக்கு ரத்தம் தள்ளுகிறது. மீட்டரில் 190 என்று பார்த்துப் பயந்து அதைத் திடீரென்று இறக்கினால், பிழைத்திருக்கும் பகுதியும் போகும். மூன்று, மைக்ரேனுக்கென்று முன்பு எழுதிக்கொடுத்த டிரிப்டான் வகை (சுமட்ரிப்டான், ரிசட்ரிப்டான்) மற்றும் எர்கோட்டமின் கலந்த மாத்திரைகள். இவை ரத்தக்குழாயைச் சுருக்குபவை. கை கால் பலவீனத்தோடு வரும் மைக்ரேனுக்கு இவற்றைப் பொதுவாகத் தருவதில்லை. மெடிக்கலில் சொல்லி வாங்கும் தலைவலி மாத்திரையின் அட்டைப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் எர்கோட்டமின் இருக்கும்.

எண்ணெய் தேய்த்து உருவுவது, விரல் நுனியில் ஊசியால் குத்துவது, திருஷ்டி கழித்துவிட்டுக் கிளம்புவது ஆகியவற்றால் நேரம் போகுமே தவிர வேறு பயனில்லை. சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை உண்டென்றால் கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் தாளில் எழுதுங்கள்.

சென்னையில் எங்கே போவது

தெருமுனை கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம் என்பதுதான் அதிகம் நேரம் தின்னும் தவறு. அங்கே ஸ்கேன் கிடையாது. டோக்கன், பிரஷர், ஒரு ஊசி, ‘பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க’ என்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதன் பிறகு கத்திப்பாரா நெரிசல் வேறு.

சும்மா இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்குப் போன் போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கும் சி.டி. ஸ்கேன் ஓடுமா? ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி அங்கேயே இருப்பு இருக்கிறதா? கம்பி விட்டுக் கட்டி எடுக்கும் டாக்டர் உண்டா, இல்லை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்ற இடத்தின் பெயரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, பலருக்கு இன்னும் ஜி.ஹெச்., பெரிய பெயர்; நரம்பியலுக்குத் தனி நிலையமே அங்கே உண்டு. வடசென்னைக்கு ஸ்டான்லி. 108-ல் பேசும்போது ‘தலைவலி’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஒரு பக்கம் கை கால் வரவில்லை, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது’ என்று ஆரம்பியுங்கள். அவசரப் பிரிவு வாசலிலும் இதே வாக்கியம்தான். தலைவலி என்ற சொல் முதலில் வந்தால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

எந்தத் தலைவலி எப்படி ஏமாற்றும்

ஹெமிப்ளீஜிக் மைக்ரேன் அபூர்வம்; டென்மார்க்கில் எடுத்த கணக்கில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் அளவு. குடும்பத்தில் வருவதும் உண்டு, தனியாக வருவதும் உண்டு. குடும்பவழியில் வரும்போது மூன்று மரபணுக்களை முதலில் தேடுவார்கள்: சி.ஏ.சி.என்.ஏ.1ஏ, ஏ.டி.பி.1ஏ2, எஸ்.சி.என்.1ஏ. மூன்றும் நரம்புச் செல் வழியாக உப்புகள் போய்வரும் கதவுகளைப் பற்றியவை. சோதனையில் எதுவும் வராவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. பார்வை, உணர்வு, பேச்சுக் கோளாறுகள் வழக்கமாக ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். பலவீனம் மட்டும் 3 நாள் வரை இழுக்கலாம், சிலருக்கு வாரக்கணக்கிலும். ‘அப்பாவுக்கும் இளவயதில் வாதம் வந்து தானாகச் சரியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். இந்த நோயின் குடும்ப வரலாறு பெரும்பாலும் அந்த வேஷத்தில்தான் ஒளிந்திருக்கும். குழந்தைகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. தெருக் கிரிக்கெட்டில் தலையில் பந்து லேசாகப் பட்டாலே சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், மயக்கம், மூளை வீக்கம் வரை போகக்கூடும், குறிப்பாக முதலில் சொன்ன மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு. பள்ளிக்கும் பி.டி. வாத்தியாருக்கும் இதை எழுத்தில் கொடுத்துவையுங்கள்.

முதல் தடவை வந்ததை யாரும் இந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. மைக்ரேன் ஆரா என்று உறுதி சொல்லவே குறைந்தது இரண்டு முறை வந்திருக்க வேண்டும். மற்ற காரணங்கள் எல்லாம் சோதித்து விலக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூளைத்தண்டு ஆரா இதன் பங்காளி. கை கால் விழாது. ஆனால் தலைசுற்றல், காதில் இரைச்சல், இரண்டிரண்டாகத் தெரிதல், குழறல், தள்ளாட்டம் எல்லாம் சேர்ந்து வரும். பின்பக்க மூளைப் பக்கவாதத்திலும் இதே பட்டியல்தான் என்பதால், முதல்முறை என்றால் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இடி விழுந்தாற்போன்ற தலைவலி வேறு ரகம். 1 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அப்படி வந்தால் முதல் கேள்வி மூளையைச் சுற்றி ரத்தக்குழாய் வெடித்ததா என்பதுதான். 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. அநேகமாக எல்லாக் கசிவையும் காட்டிவிடும். அதற்குப் பிறகு போனால் சி.டி. சுத்தமாக இருந்தாலும் போதாது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுநீர் எடுத்து, பழைய ரத்தத்தின் மஞ்சள் நிறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மஞ்சள் உருவாகச் சுமார் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் சிலரைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். அலட்சியம் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

வெடிப்பு இல்லை, ஆனால் இடி ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை விழுகிறது என்றால் ஆர்.சி.வி.எஸ். என்ற ரத்தக்குழாய்ச் சுருக்கத்தை நினைக்க வேண்டும். தூண்டுவன: மலச்சிக்கலில் முக்குவது, பாரம் தூக்குவது, உடலுறவு, குளியல். ஜலதோஷத்துக்குப் போடும் கூட்டு மாத்திரைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், டிரிப்டான், கஞ்சா ஆகியவையும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் வரும். ரத்தக்குழாய் ஸ்கேனில் குழாய் மணிமாலை கோத்தாற்போல் சுருங்கி விரிந்து தெரியும். சிக்கல் என்னவென்றால் முதல் வார ஸ்கேன் சுத்தமாகவே இருக்கலாம். ‘எல்லாம் நார்மல்’ என்ற தாளோடு வீடு திரும்பி இரண்டாவது இடி விழுந்தால், மறுபடி போய் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலோருக்கு 3 மாதத்தில் குழாய்கள் பழைய நிலைக்கு வந்துவிடும். இடையில் சிலருக்கு உண்மையான பக்கவாதமே வரலாம். அதுவரை மேற்சொன்ன மாத்திரைகள், ஜிம், கொதிக்கும் வெந்நீர்க் குளியல் எல்லாவற்றுக்கும் விடுமுறை. மலம் இளக மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தலைக்குக் குளித்த அன்று வரும் மைக்ரேன் இந்தியப் பெண்களிடம் மருத்துவர்களே பதிவு செய்த ஒன்று. ஈரக் கூந்தலோடு இருந்து, மெல்ல மெல்ல ஏறும் வலி அது. தண்ணீர் மேலே பட்ட நொடியில் வெடிக்கும் வலி வேறு. ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’ என்று இரண்டையும் ஒரே பையில் போட்டுச் சாம்பிராணி காட்டினால் இரண்டாவதைத் தவறவிடுவீர்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் தலைவலி என்றால் அடுத்த 6 வாரத்துக்கு யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துப் போகும் சிரைக்குழாய் உறைந்து அடைத்துக்கொள்வது அந்தக் காலத்தில்தான் அதிகம். சிசேரியன் ஆனவர் என்றால் வீட்டில் உடனே சொல்வது ‘முதுகில் ஊசி போட்டார்களே, அதனால்தான்’. இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. முதுகு ஊசித் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் ஏறும், படுத்தால் இறங்கும். சிரை அடைப்பின் வலி பலருக்குப் படுத்தால் ஏறும்; விடிகாலையில் மோசம்; இருமினால், குனிந்தால் இடிக்கும்; பார்வை மங்கும்; பிறகு வலிப்போ கை பலவீனமோ வரும். விதிவிலக்குகள் உண்டு. படுத்தால் குறைந்துகொண்டிருந்த வலி, எப்படி இருந்தாலும் விடாத வலியாக மாறினாலே சந்தேகம்தான். பத்தியம் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதோடு சென்னை மே மாதமும் சேர்ந்தால் ரத்தம் கெட்டிப்பட வேறென்ன வேண்டும்? கருத்தடை மாத்திரை, விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சாதா சி.டி.யில் இது தப்பிவிடலாம். ‘வீனோகிராம் எடுத்தீர்களா?’ என்று கேளுங்கள்; சிரைக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் அது. சிகிச்சை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின். சிரை அடைப்பால் மூளையில் சிறிது ரத்தம் கசிந்திருந்தாலும் அதைத்தான் கொடுப்பார்கள். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அடைப்பைத் திறந்தால்தான் கசிவு நிற்கும்.

ஆரா உள்ள மைக்ரேன் இருக்கும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையே எடுக்கக் கூடாது. மகப்பேறு டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைப் பிடித்து ‘டக்’கென்று திருப்பி நெட்டி எடுப்பதை நிறுத்துங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, அன்றோ சில நாள் கழித்தோ பக்கவாதம் வரலாம். முன்பு இல்லாத ஒரு பக்கக் கழுத்து வலி, அதே பக்கம் தலைவலி, அதே பக்க இமை சற்றே தாழ்ந்து கருவிழிப் பாவை சிறுத்திருப்பது: இவை கிழிசலின் அடையாளம். ஸ்கேன் கேட்கும்போது மூளையோடு கழுத்துக் குழாய்களையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று நினைவூட்டுங்கள்.

அதே தாழ்ந்த இமை, சிறுத்த பாவை கிளஸ்டர் என்ற கொத்துத் தலைவலியிலும் உண்டு. ஆனால் அதில் கண்ணீர், மூக்கடைப்பு, ஒரே இடத்தில் உட்கார முடியாத தவிப்பு கூடவே இருக்கும். 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் அடங்கும். நாள் தவறாமல் அதே நேரத்துக்கு வரும். பல் வலி என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இதில் நிறைய. மருந்து ஆக்சிஜன்: பை வைத்த முகக்கவசத்தில் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், 15–20 நிமிடம், நிமிர்ந்து உட்கார்ந்து. வீட்டுக்கு வாடகைக்கு எடுத்தால் கான்சன்ட்ரேட்டர் வேண்டாம். 5 லிட்டர் மெஷின் இதற்கு எட்டாது. சிலிண்டரும் 15 லிட்டர் வரை திறக்கும் ரெகுலேட்டரும் கேளுங்கள். 1,500 லிட்டர் பிடிக்கும் பி டைப் சிலிண்டர் ஐந்தாறு தடவைக்கு வரும். சாமி விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அந்த அறையில் கூடாது.

தலைவலி, மரப்பு, பேச்சுக் குழறல் மூன்று மாதத்துக்குள் திரும்பத் திரும்ப வந்து, தண்டுநீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தால் ஹேண்டல் என்ற அபூர்வ நோய். தானாகவே அடங்கிவிடும். ஆனால் நம் ஊரில் தண்டுநீரில் அந்த அணுக்கள் என்றதும் டி.பி. மூளைக்காய்ச்சலை விலக்கியே ஆக வேண்டும். டி.பி.யில் தண்டுநீர்ச் சர்க்கரை இறங்கியிருக்கும், ஹேண்டலில் வழக்கமான அளவில் இருக்கும்.

மீதி மூன்றைச் சுருக்கமாக. கண் சிவந்து கல்லாகி, விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்து, வாந்தியும் வந்தால் கண் பிரஷர். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அன்றே போங்கள். இமை முழுக்க மூடி பாவை விரிந்திருந்தால் ரத்தக்குழாய் வீக்கம் நரம்பை அழுத்துகிறதா என்று அதே மணி நேரத்தில் பார்க்க வேண்டும். 50 வயதுக்கு மேல் புதுத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, நெற்றிப்பொட்டில் தொட்டாலே நோவு: இது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம்மிடையே அபூர்வம், ஆனால் ஸ்டீராய்டு தாமதமானால் பார்வை போய்விடும்.

அட்டை

ஏற்கெனவே ஹெமிப்ளீஜிக் மைக்ரேன் என்று உறுதியானவர்கள் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், ராத்திரி டியூட்டி டாக்டர் எந்த ஊர்க்காரராக இருப்பார் என்று தெரியாது. நோயின் பெயர், யார் எந்த ஆண்டு உறுதிசெய்தது, வழக்கமாக எந்த வரிசையில் வரும், இதுவரை அதிகபட்சம் எத்தனை மணி நேரம் நீடித்தது, கடைசி எம்.ஆர்.ஐ. தேதி, தினசரி மாத்திரை, டிரிப்டானும் எர்கோட்டமினும் வேண்டாம் என்ற குறிப்பு, ஸ்கேன் மருந்து அலர்ஜி, வீட்டார் எண். கடைசியில் ஒரு வரி மிக முக்கியம்: ‘வழக்கத்துக்கு மாறாக இருந்தால் பக்கவாதமாகவே நடத்தவும்.’ மைக்ரேன்காரருக்குப் பக்கவாதம் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை; அட்டையைப் பார்த்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகிவிடும் ஆபத்தை இந்த வரி தடுக்கும். மாறாக என்றால் எது? நொடியில் வந்தது, வரிசை மாறியது, முன்பைவிட நீண்டது, காய்ச்சலோ வலிப்போ சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் சி.டி., ரத்தக்குழாய் சி.டி., தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மைக்ரேன் ஆராவில் எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படம், அதாவது பக்கவாதம் பட்ட பகுதியைப் பளிச்சென்று காட்டும் படம், பொதுவாகச் சுத்தமாக இருக்கும். ரத்த ஓட்டப் படத்தில் ஓட்டம் குறைந்த பகுதி தெரிந்தாலும் அது ஒரே குழாயின் எல்லைக்குள் நிற்காமல் வழிந்து பரவியிருக்கும். பின்பக்க மூளைப் பக்கவாதம் முதல் நாள் டிஃப்யூஷனிலும் ஒளிந்துகொள்ளலாம் என்பதால், தலைசுற்றலும் தள்ளாட்டமும் தொடர்ந்தால் இரண்டாவது எம்.ஆர்.ஐ. வீண்செலவு ஆகாது.

வீடு திரும்பிய பின்

தடுப்பு மருந்தாக ஃப்ளூனரிசின், வெரபமில், டோபிரமேட், அசெட்டசோலமைடு, லமோட்ரிஜின் இவற்றில் ஒன்றை எழுதுவார்கள். ஃப்ளூனரிசின் தூக்கமும் எடையும் ஏற்றும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம் தரலாம். வெரபமில் மலச்சிக்கல் தரும், அவ்வப்போது இ.சி.ஜி. வேண்டும். டோபிரமேட், அசெட்டசோலமைடு இரண்டும் விரல் நுனியில் சுருசுருப்பு தரும். ஆரா மறுபடி வந்துவிட்டதென்று பலர் பயப்படுவது இதனால்தான். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, நாள் முழுக்க இருந்தால் மருந்து. ஒரு பக்கம் ஆரம்பித்து நிமிடக்கணக்கில் ஏறினால் ஆரா. இந்த இரண்டு மருந்தாலும் சிறுநீரகக் கல்லும் வரலாம், எனவே கோடையில் தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். டோபிரமேட்டும் கருவுக்கு ஆகாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே சொல்லிவிடுங்கள். சாதா வலி மாத்திரை மாதத்தில் 15 நாளைத் தொட்டாலோ, கூட்டு மாத்திரை 10 நாளைத் தொட்டாலோ மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஃபிலிம் மட்டும் வாங்காமல் ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள்; அடுத்த முறை ஒப்பிட அதுதான் உதவும். சம்மரியில் நோயின் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று கவுண்டரைவிட்டு நகர்வதற்கு முன் படியுங்கள். பக்கவாதம் இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் ‘ஸ்ட்ரோக்’ என்றே அச்சாகியிருப்பது நடக்கிற காரியம். அந்தத் தாளை நம்பி அடுத்த டாக்டர் வருஷக்கணக்கில் ஆஸ்பிரின் எழுதுவார், இன்சூரன்ஸ்காரரும் அதையே பிடித்துக்கொள்வார். திருத்தி, கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.